அடி மடங்கும் திரை: தமிழ் மின்பாடங்களின் காட்சி வடிவமைப்பும் சோதனையும்

முன்னுரை

தமிழ் இலக்கிய, இலக்கணப் பாடங்கள் அச்சுநூலிலிருந்து திரைக்கு வந்து ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆகிறது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து, 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் இயங்கிவருகிறது. 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் கியூஆர் குறியீடுகளுடன் அமைந்தன. 2019இல் கல்வித் தொலைக்காட்சியும் 2023இல் மணற்கேணி செயலியும் வந்தன. பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின்னர்க் கல்லூரித் தமிழாசிரியர் பலரும் தம் பாடங்களைக் காணொளியாகவும் காட்சிவில்லைகளாகவும் பிடிஎஃப் கோப்புகளாகவும் தாமே உருவாக்கி மாணவருக்கு அனுப்பிவருகின்றனர்.

இப்பாடங்களின் உள்ளடக்கம் குறித்து நம் துறைகளில் விரிவாகப் பேசப்படுகிறது. பாடவேறுபாடு சரியா, விளக்கம் உரையோடு பொருந்துகிறதா, எடுத்துக்காட்டு ஏற்புடையதா என்றெல்லாம் வினவுகிறோம். அப்பாடம் திரையில் எவ்வாறு தோன்றுகிறது, அதனைக் கண்ட மாணவர் உண்மையில் எதைப் புரிந்துகொண்டார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. வடிவம் கணினியாளர் பொறுப்பு, சோதனை கல்வியியலார் பொறுப்பு என்று ஒதுக்கிவிடும் போக்கே மிகுதி. தமிழ்ச் செய்யுளையும் இலக்கணத்தையும் திரையில் அமைப்பது பதிப்புப்பணியின் தொடர்ச்சியாகும். ஆதலின், அவ்வடிவத்தைத் தீர்மானிப்பதும் அதனைக் கற்போரிடம் சோதித்தறிவதும் தமிழ்த்துறைகளின் ஆய்வுக் கடமை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பக்க அமைப்பும் பதிப்புப்பணியும்

ஓலைச்சுவடியில் செய்யுள் அடி பிரித்து எழுதப்படுவதில்லை. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. குறிலான எகர ஒகரங்களுக்கும் அவற்றின் நெடில்களுக்கும் எழுத்தளவில் வேறுபாடு தோன்றாது. காலுக்கும் ரகரத்துக்கும் வடிவம் ஒன்றே. படிப்பவர் தம் பயிற்சியாலும் யாப்பறிவாலும் இவற்றை நிரப்பிக்கொண்டனர். ஏகார ஓகாரங்களுக்கு வீரமாமுனிவர் அமைத்த வடிவ வேறுபாடு, எழுத்தின் உருவைத் திருத்திப் படிப்பவரின் ஐயத்தை நீக்கிய முயற்சியாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர், சி.வை. தாமோதரம்பிள்ளை, உ.வே. சாமிநாதையர் முதலியோர் சுவடிகளை அச்சுக்குக் கொண்டுவந்தபோது, பாடத்தைத் தேர்ந்ததோடு நின்றுவிடவில்லை. அடி பிரித்தனர், சீர் பிரித்தனர், மூலத்தையும் உரையையும் வேறுபடுத்தி அமைத்தனர். நாவலர் தம் பாலபாடங்களிலும் பிற உரைநடை நூல்களிலும் சந்தி பிரித்தும் நிறுத்தக்குறிகள் இட்டும், புதிதாகப் படிக்கத் தொடங்குவோரை மனத்திற்கொண்டு பக்கத்தை அமைத்தார். 1887இல் சீவகசிந்தாமணியும் 1894இல் புறநானூறும் சாமிநாதையர் பதிப்பாக வெளிவந்தபோது அவற்றின் பக்க அமைப்பே ஒரு புலமைச் செயலாக இருந்தது. எந்தச் சீர் எந்த அடிக்கு உரியது என்னும் முடிவைப் பக்கமே வாசகருக்கு உணர்த்தியது.

அச்சில் நாம் பெற்ற இத்தெளிவு திரையில் தானாகத் தொடரும் என்று கருதுவதற்கில்லை. அச்சுப்பக்கத்தின் அகலம் மாறாதது. திரையின் அகலமோ கருவிக்குக் கருவி மாறுகிறது. ஒரே கருவியிலும் எழுத்தின் அளவைக் கூட்டினால் வரிகள் இடம் மாறுகின்றன. அடி பிரிக்கும் அதிகாரம் பதிப்பாசிரியரிடமிருந்து கருவிக்குச் சென்றுவிடுகிறது.

திரையில் நேரும் பிறழ்வுகள்

அளவடியால் அமைந்த ஒரு வெண்பாவைக் கைபேசியின் குறுகிய திரையில் பெரிய எழுத்தில் காண்போம். நாற்சீர் அடி ஒரே வரியில் அடங்காது. முதல் மூன்று சீர் ஒரு வரியிலும் நான்காம் சீர் அடுத்த வரியிலுமாக மடங்குகிறது. ஈற்றடி மட்டும் முச்சீராக வரும் என்பது வெண்பாவின் அடிப்படை இலக்கணம். மடங்கிய திரையிலோ ஒவ்வோர் அடியும் முச்சீராய்த் தொடங்கித் தனிச்சீர் ஒன்றைக் கீழே விட்டுச் செல்கிறது. ஈற்றடியைப் பிறவற்றினின்று பிரித்துக் காட்டும் அடையாளம் அழிந்துபோகிறது. நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் இறுதியில் வரும் தனிச்சொல், மடங்கிய பிற சீர்களைப் போலவே ஒரு வரியில் தனித்து நிற்கிறது. தனிச்சொல் எது என்று வினவினால், மாணவர் கண்முன் மூன்று ‘தனிச்சொற்கள்’ உள்ளன.

ஆசிரியப்பாவில் குழப்பம் இன்னும் நுட்பமானது. நேரிசை ஆசிரியப்பாவின் அடிகள் மடங்கும்போது இடையிடையே குறைந்த சீர்களையுடைய வரிகள் தோன்றுகின்றன. அப்பா இணைக்குறள் ஆசிரியப்பாவின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது. இவ்விரு வகைகளையும் வேறுபடுத்தக் கற்பிக்கும் பாடமே அவ்வேறுபாட்டை மறைப்பதாகிவிடுகிறது. எண்சீர் விருத்தத்தின் ஓரடியை அச்சில் இரண்டு வரிகளாக மடித்து, இரண்டாம் வரியை உள்தள்ளி அமைப்பது நெடுநாள் வழக்கு. அவ்வுள்தள்ளலே ‘இது புதிய அடி அன்று’ என்பதற்குரிய குறி. கோப்பினைப் படியெடுத்து ஒட்டும்போது முதலில் மறைவது அந்த உள்தள்ளலே. நான்கடிப் பாடல் எட்டடியாக எண்ணப்படுவதற்கு மாணவரின் கவனக்குறைவைக் குறைகூற இயலாது.

எழுத்திலக்கணப் பாடத்தில் இடர் வேறு வகையானது. புள்ளி மிகச் சிறிய குறி. ஆய்த எழுத்து மூன்று புள்ளிகளால் ஆனது. தரவுச் செலவைக் குறைக்கக் காணொளியைத் தாழ்ந்த தரத்தில் காணும் மாணவருக்கு, காட்சிவில்லையில் சிறிய எழுத்தில் உள்ள புள்ளிகள் பின்னணியோடு கலந்துவிடுகின்றன. மெய்யெழுத்து புள்ளி பெற்று வரும் என்பதைக் கற்பிக்கும் காணொளியிலேயே புள்ளி மறைகிறது. எதுகையைச் சிவப்பாலும் மோனையைப் பச்சையாலும் காட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. சிவப்பு-பச்சை வேறுபாட்டை உணர இயலாத நிறப்பார்வைக் குறையுடையோர்க்கு அவ்விரண்டும் ஒன்றே. நிறத்தோடு அடிக்கோடோ தடித்த எழுத்தோ சேர்ந்தாலன்றி அக்குறி பயன்படாது.

அலகிடும் பட்டியல் மற்றொரு சான்று. சீர், அசை, வாய்பாடு, தளை என நான்கு பத்திகளில் அமைந்த பட்டியல் அச்சில் தெளிவாக இருக்கும். கைபேசியில் அதனைப் பக்கவாட்டில் நகர்த்திப் படிக்க வேண்டும். தளையைக் காணும்போது சீர் மறைகிறது. சீருக்குத் திரும்பும்போது தளை மறைகிறது. இரண்டையும் இணைத்துக் காண்பதற்காகவே பட்டியல் அமைக்கப்பட்டது என்பதை எண்ணினால் இழப்பின் அளவு புலப்படும். புணர்ச்சியால் நீண்ட சொற்களைக் குறுகிய பத்தியில் இருபுறமும் சமன்செய்து அமைக்கும்போது சொற்களுக்கிடையே பெரும் இடைவெளிகள் விழுவதும் இத்தகையதே. செய்யுளில் இடைவெளி என்பது சீரின் எல்லை. அதனை வரி நிரப்பும் கருவியாகப் பயன்படுத்துதல் தகாது.

யாருடைய திரை?

மின்பாடத்தை உருவாக்குவோர் பெரும்பாலும் அகன்ற கணினித் திரையின் முன் அமர்ந்தே அதனைப் பார்த்து ஒப்புதல் அளிக்கின்றனர். அதனைப் பயன்படுத்துவோர் நிலை வேறு. மதுரைக்குத் தென்மேற்கே அமைந்த திருமங்கலத்தையும் அதனைச் சூழ்ந்த கள்ளிக்குடி, தே. கல்லுப்பட்டி, பேரையூர் முதலிய ஊர்களையும் எண்ணிப் பார்க்கலாம். கரிசல் நிலமும் மானாவாரி வேளாண்மையும் உடைய இச்சமவெளியிலிருந்து மாணவர் பேருந்தேறித் திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் வந்து படிக்கின்றனர். இத்தகைய மாணவருக்குக் கைபேசியே நூலகமாகவும் குறிப்பேடாகவும் அமைகிறது. சில இல்லங்களில் ஒரு கைபேசி உடன்பிறந்தோர் அனைவருக்கும் பொது. பேருந்துச் சாளரத்தின் வெயிலில், கீறல் விழுந்த கண்ணாடியில், நாளளவில் வரையறுக்கப்பட்ட தரவில் அவர்கள் நம் பாடங்களைப் படிக்கக்கூடும்.

இவ்வட்டாரத்திற்குத் தொலைவழிக் கல்வி புதிதன்று. 1966இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம், பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகமாகப் பெயர்பெற்றது. அதன் அஞ்சல்வழிக் கல்வி, அச்சிட்ட பாடங்களை ஊர்தோறும் கொண்டுசேர்த்தது. அஞ்சலில் வந்த பாடம் எவ்வூரில் பிரிக்கப்பட்டாலும் ஒரே வடிவில் இருந்தது. இன்றைய மின்பாடத்திற்கு அவ்வுறுதி இல்லை. சென்னையில் ஒரு வடிவிலும் தே. கல்லுப்பட்டியில் மற்றொரு வடிவிலும் அது தோன்றலாம். பிறழ்ந்த வடிவைப் பெறுபவர், பெரும்பாலும் வேறு வழியற்றவராகவே இருப்பார். அச்சுநூலையோ ஆசிரியரையோ அணுக இயன்றவர் பிழையைத் திருத்திக்கொள்வார். திரையை மட்டுமே நம்பியவர் பிழையையே பாடமாகக் கொள்வார். ஆகவே வடிவமைப்பு என்பது அழகு பற்றிய சிக்கலாக மட்டும் அமையாமல், கல்வியில் சமநிலை பற்றிய சிக்கலாகவும் அமைகிறது.

உரைமரபும் அறிதல் உளவியலும்

திரைவழிக் கற்றல் குறித்து உளவியலார் செய்த ஆய்வுகள் நமக்குப் பயன்படுவன. ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980களில் முன்வைத்த அறிதற்சுமைக் கோட்பாடு, பாடத்தின் இயல்பால் வரும் சுமையையும் அது வழங்கப்படும் முறையால் வரும் சுமையையும் வேறுபடுத்துகிறது. ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க வேண்டிய இரண்டு செய்திகள் தொலைவில் பிரித்து வைக்கப்பட்டால், கற்பவரின் ஆற்றல் தேடுவதிலேயே செலவாகிறது என்பது அவ்வழி வந்த முடிவுகளுள் ஒன்று. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்டு மேயர் பல்லூடகக் கற்றல் குறித்த தம் ஆய்வுகளில், தொடர்புடைய சொல்லும் படமும் அருகருகே அமைவது கற்றலுக்கு உதவும் என்றும், கவர்ச்சிக்காகச் சேர்க்கப்படும் தொடர்பற்ற செய்திகள் கற்றலைக் குறைக்கும் என்றும் காட்டினார்.

தமிழ் உரைமரபை அறிந்தோர்க்கு இக்கருத்துகள் அயலாகத் தோன்றா. சொல்லையடுத்து அதன் பொருளை வைக்கும் பதவுரை, தேடும் உழைப்பைக் குறைக்கும் அமைப்பே. நன்னூல் உரையின் கூறுகளைப் பதினான்காக வகுக்கும்போது வினாவையும் விடையையும் அவற்றுள் வைத்துள்ளது. கற்பவரின் ஐயத்தை முன்னுணர்தல் உரைகாரரின் பணி என்பது இதன் உட்பொருள். அந்நூல் கூறும் பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல் ஆகியவற்றை மின்பாட மதிப்பீட்டு அளவுகோல்களாகவே கொள்ளலாம். பாடலோடு தொடர்பற்ற அசைபடமும் பின்னணி இசையும் மற்றொன்று விரித்தல். அடி மடங்கிய செய்யுள் மயங்க வைத்தல். தமிழ் இணையக் கல்விக்கழகப் பாடங்களில் பாட இடையிலேயே தன்மதிப்பீட்டு வினாக்கள் அமைந்திருப்பது உரைமரபின் வினாவிடைக் கூற்றினைத் திரைக்குக் கொண்டுவந்த நல்ல முன்மாதிரி. அம்முன்மாதிரியைக் காட்சி வடிவத்திற்கும் விரிக்க வேண்டும்.

அரங்கேற்றமும் சோதனையும்

தொல்காப்பியம் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பனம்பாரனாரின் பாயிரம் கூறுகிறது. நூலை அறிஞர் அவையின் முன் வைத்துக் குற்றம் களைதல் நம் தொன்மையான மரபு. இன்றைய வல்லுநர் குழுக்களும் இதழ்களின் மதிப்பீட்டாளர்களும் அம்மரபின் வழியினரே. எனினும் அரங்கேற்றத்தில் தீர்ப்பளிப்பவர் பொருளை முன்பே அறிந்தவர். மடங்கிய அடியைக் கண்டாலும் அவர் மனம் அதனைச் சேர்த்துப் படித்துவிடும். மறைந்த புள்ளியையும் அவர் கண் இட்டுக்கொள்ளும். அறிந்தவருக்குப் புலப்படாத குறையை அறியாதவரே காட்ட இயலும். மின்பாடத்திற்கு அறிஞர் அவையோடு மாணவர் அவையும் வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

அத்தகைய சோதனைக்குப் பெரும்பொருள் தேவையில்லை. திருமங்கலம் வட்டாரக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர் ஐவரைத் தனித்தனியே அழைத்து, அவரவர் கைபேசியிலேயே வெண்பாப் பாடத்தைத் தரலாம். ‘இப்பாடலில் எத்தனை அடிகள்?’, ‘தனிச்சொல்லைக் காட்டுக’, ‘மூன்றாம் அடியின் இரண்டாம் சீருக்கு வாய்பாடு யாது?’ என மூன்று வினாக்கள் போதும். மாணவர் தம் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விடை தேட வேண்டும். ஆசிரியர் உதவாமலும் திருத்தாமலும், அவர் எங்கே தயங்கினார், எதைத் தவறாக எண்ணினார், எந்தப் பொத்தானைத் தேடினார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். குறைகளைத் திருத்தியபின் வேறு ஐவரிடம் மீண்டும் சோதிக்க வேண்டும். பயன்பாட்டு எளிமை குறித்து ஆய்ந்த ஜேக்கப் நீல்சன், ஐவரைக் கொண்ட சோதனையே பெரும்பான்மைக் குறைகளை வெளிக்கொணரும் என்றார். அவ்வெண்ணைப் பின்வந்தோர் வினவியுள்ளனர். எனினும் எவரிடமும் சோதியாமல் வெளியிடுவதைவிட ஐவரிடம் சோதித்தல் மேல் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

இச்சோதனை பயன்பாட்டுக் குறைகளைக் காட்டுமே தவிரக் கற்றல் நிகழ்ந்ததா என்பதைக் காட்டாது. அதற்கு ஒரே பாடத்தை இருவேறு வடிவங்களில் இரு குழுக்களுக்கு வழங்கி, முன்தேர்வும் பின்தேர்வும் நடத்த வேண்டும். எடுத்துக்காட்டாக, மடங்கிய சீரை உள்தள்ளி அமைத்தல், அடிதோறும் எண் இடுதல், எழுத்தைச் சுருக்கி அடியைக் காத்தல் ஆகிய மூன்றுள் எது யாப்பறிவை வளர்க்கும் என்பது தக்கதோர் ஆய்வுச் சிக்கல். பின்தேர்வில் பாடத்தில் காட்டப்படாத புதிய பாடலைத் தந்து அலகிடச் செய்ய வேண்டும். இரு கிழமைகளுக்குப் பின் மீண்டும் ஒருமுறை தேர்வு வைக்க வேண்டும். சோதிக்கப்படுவது பாடமேயன்றி மாணவர் அல்லர் என்பதை முதலிலேயே அவர்களுக்குத் தெளிவுபடுத்தி, இசைவு பெற்று, பெயர்களை வெளியிடாமல் காத்தல் இன்றியமையாதது. அகமதிப்பெண்ணோடு இதனை இணைத்தல் கூடாது.

பார்வை எண்ணிக்கையும் விருப்பக்குறிகளும் இச்சோதனைக்கு ஈடாகா. ஒரு காணொளியை ஆயிரவர் திறந்தனர் என்பது அது திறக்கப்பட்டமைக்கே சான்று. ‘பாடம் பிடித்திருந்தது’ என்னும் மாணவர் கருத்தும், அவர் அடியையும் சீரையும் பிரித்தறிந்தார் என்பதற்குச் சான்றாகாது.

எதிர்க்கருத்துகள்

இதற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, இது தமிழ்த்துறையின் பணி அன்று என்பது. திரையில் வரி மடங்குவதை எவரும் காணலாம். அம்மடக்கு இலக்கண வகையையே மாற்றிக்காட்டுகிறது என்பதை யாப்பறிந்தவரே உணர இயலும். கணினியாளர் நாம் கேட்பதைச் செய்துதருவர். எதைக் கேட்க வேண்டும் என்பதை நாமே அறிந்திருத்தல் வேண்டும். எழுத்துச் சீர்திருத்தம் 1978இல் அரசாணையாக வந்தபோதும், 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றபோதும், அவற்றின் விளைவுகளைத் தமிழாய்வு புறக்கணிக்க இயலவில்லை. திரையமைப்பும் அவ்வாறானதே.

இரண்டாவது, மாணவர்க்கு ஏற்ப வடிவத்தை எளிதாக்கினால் பாடத்தின் தரம் குறையும் என்பது. இவ்வச்சம் மதிக்கத்தக்கது. ஆனால் சங்கப்பாடலின் அருமை வேறு; அதனைத் தாங்கிய பக்கத்தின் இடர் வேறு. முன்னதோடு மாணவர் போராடட்டும், அப்போராட்டமே கல்வி. பின்னதோடு போராடுவதால் அவர் பெறுவது ஒன்றுமில்லை. வடிவத்தின் சுமையைக் குறைத்தால்தான் அருஞ்செய்யுளுக்குச் செலவிட அவரிடம் ஆற்றல் எஞ்சும்.

மூன்றாவது, ஆசிரியர்க்கு நேரமில்லை என்பது. இது உண்மையே. ஆயினும் ஒரே பாடத்தைப் பல கல்லூரிகளில் பலர் தனித்தனியே உருவாக்கும் உழைப்பில் ஒரு பகுதியை, ஒரு பாடத்தைப் பலர் சேர்ந்து சோதித்துத் திருத்துவதற்குத் திருப்பலாம். முதுகலை மாணவரின் ஆய்வேடுகளுக்கும் இது பொருந்திய களம். சோதித்த பாடம் ஒன்று, சோதியாத பாடங்கள் பத்தினும் பயன்தரும்.

நிறைவுரை

மூன்று செயல்கள் உடனடியாக இயலக்கூடியன. தமிழ்த்துறைகள் தாம் வெளியிடும் ஒவ்வொரு மின்பாடத்தையும் சிறிய கைபேசித் திரையிலும் தாழ்ந்த காணொளித் தரத்திலும் பார்த்த பின்னரே ஒப்புதல் அளித்தல் ஒன்று. செய்யுள் அடி, தனிச்சொல், விருத்த மடக்கு, புள்ளி, அலகீட்டுப் பட்டியல் ஆகியவற்றைத் திரையில் அமைப்பதற்கான பொது நெறிமுறை ஒன்றை யாப்பறிஞரும் கணினியாளரும் கூடி வகுத்தல் மற்றொன்று. ஆய்விதழ்கள் மின்பாடச் சோதனை முடிவுகளை, எதிர்பார்த்த பயன் தராத முயற்சிகளையும் உள்ளிட்டு, ஆய்வுக்கட்டுரைகளாக ஏற்று வெளியிடுதல் மூன்றாவது. தோல்வியுற்ற வடிவம் பதிவாகாவிடில் அடுத்த துறையும் அதனையே மீண்டும் உருவாக்கும்.

சுவடியிலிருந்து அச்சுக்கு வந்தபோது ஒரு தலைமுறைப் புலவர்கள் அடியையும் சீரையும் மீட்டுத் தந்தனர். அவர்கள் மீட்டதைத் திரை மீண்டும் கலைத்துவிடாமல் காப்பது இத்தலைமுறையின் பொறுப்பு. அப்பொறுப்பு நிறைவேறியதா என்பதை அறிஞர் அவையின் ஒப்புதல் மட்டும் முடிவு செய்ய இயலாது. திருமங்கலத்து மாணவர் ஒருவர் தம் கைபேசியில் ஒரு வெண்பாவைத் திறந்து, ‘இதில் நான்கு அடிகள் உள்ளன, ஈற்றடி முச்சீர்’ என்று பிறர் உதவியின்றிச் சொல்வதே அதற்குரிய சான்று.